கிரேன்காரரோடு ஜெபல் ஜைஸ்: குளிர்காலக் காற்றும் சரளைச் சரிவும்

போன குளிர்காலத்தில் மாரியப்பனின் கணுக்கால் பிசகியதற்கு நான்தான் காரணம். இந்த ஜனவரியில் மறுபடி அதே ஜெபல் ஜைஸ் மலைக்குப் போனதற்கும் அதுவே காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் அவரும் அபுதாபியின் முசஃபாவில் ஒரே யார்டில் வேலை செய்கிறோம். அவர் கிரேன் ஓட்டுகிறார். நான் ரிக்கிங் சூப்பர்வைசர், அதாவது கீழே நின்று கைச்சைகை காட்டிச் சுமையை ஏற்றி இறக்க வைப்பவன். "மலைக்குன்னு தனியா ஷூ எதுக்கு மாரி? சேஃப்டி ஷூ போதும், இரும்பே விழுந்தாலும் தாங்கும்" என்று சென்ற ஆண்டு அறிவுரை சொன்ன மேதாவி நான். மலையில் இரும்பு எதுவும் விழவில்லை. மாரியப்பன்தான் விழுந்தார்.

ஆறு வாரம் கிரேனில் ஏறாமல் ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கால் குணமான பிறகும் சின்னச் சரிவில்கூடப் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தேடினார். அவரை அந்த முகட்டில் ஏற்றி, யார் தோளையும் பிடிக்காமல் இறங்க வைக்காவிட்டால் என் மனசு ஆறாது என்று தோன்றியது.

ஞாயிறு அதிகாலை 4.40க்கு என் பழைய காரில் கிளம்பினோம். துபாய்க்குள் நுழையாமல் 611 சாலையைப் பிடித்தால் டோல் மிச்சம். மலை உச்சிச் சாலை வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர், போக வர பெட்ரோல் 130 திர்ஹம். ராஸ் அல் கைமாவுக்கு வெளியே ஒரு மலையாளி கடையில் பரோட்டா, முட்டை, டீ, இருவருக்கும் 14 திர்ஹம். வியாழக்கிழமை மழை பெய்திருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் வெயில் காய்ந்ததைப் பார்த்த பிறகுதான் ஞாயிற்றை முடிவு செய்தேன். இங்கே வாதி எனப்படும் வறண்ட பள்ளங்களில், நம் தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லாதபோதே வேறெங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து நிற்கும்.

7.50க்குக் கார் நிறுத்தத்தில் இறங்கினோம். முசஃபாவில் கிளம்பும்போது 15 டிகிரி, இங்கே 6. பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் கடக் டீ விற்றுக்கொண்டிருந்த பெஷாவர்க்காரர் இரண்டு திர்ஹமுக்கு ஒரு கப்பை நீட்டியபடி, "ஊபர் ஹவா தேஸ் ஹை பாய், ஆராம் ஸே" என்றார். மேலே காற்று பலமாம், நிதானமாகப் போகச் சொன்னார். துபாய் பதிவெண் கொண்ட காரிலிருந்து டீஷர்ட்டோடு இறங்கிய நாலு பேர் டீ குடித்த கையோடு காருக்குள்ளேயே ஓடிவிட்டார்கள்.

யார்டில் பெரிய சுமையைத் தூக்குமுன் ஒரு தாள் எழுதுவோம். சுமை என்ன, எடை எவ்வளவு, காற்று எவ்வளவு, தரை எப்படி எல்லாம் அதில் இருக்கும். வேலை செய்பவர்களிடம் படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்குவோம், அதற்கு டூல்பாக்ஸ் டாக் என்று பெயர். அந்தத் தாளில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். சுமை: மாரியப்பன். எடை: 78 கிலோ. கார் பானெட்டில் வைத்துப் படித்துக் காட்டினேன்.

"ஒத்த ஆளுக்கு டூல்பாக்ஸ் டாக்கா அண்ணாச்சி? அதுவும் சுமையே நாந்தானா?" என்றார் மாரியப்பன்.

"ஆமா. கையெழுத்துப் போடு."

"எறங்கி வந்த பொறவு போடுதேன்."

ஒரு பக்கம் நாலு கிலோமீட்டர், 480 மீட்டர் ஏற்றம். மழை, கற்களுக்கு நடுவே இருந்த மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. போன வருடம் அசையாத கல்லெல்லாம் இப்போது ஆடியது. ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்த்துத்தான் எடையை வைத்தோம். வெயில் படாத பாறையில் ஈரம் வழுக்கியது. நிழலில் ஒரு குழியில் தேங்கிய தண்ணீர் இரவுக் குளிரில் மேலே மெல்லிசாக உறைந்திருந்தது. மாரியப்பன் விரலால் குத்தி உடைத்து, "வளைகுடாவுல ஐஸ் ஃபேக்டரி" என்று போட்டோ எடுத்துக்கொண்டார். இந்த முறை இருவர் காலிலும் பள்ளம் பள்ளமாக அடிப்பாகம் கொண்ட மலை ஷூ. உள்ளே பருத்தி பனியன் கிடையாது, அது வியர்வையைக் குடித்துவிட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டு குளிரும். சீக்கிரம் காயும் விளையாட்டு ஜெர்சி, மேலே கம்பளி போன்ற ஃப்லீஸ் சட்டை, அதற்கும் மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். மங்கி குல்லா மட்டும் மாரியப்பனின் சொந்தத் தேர்வு.

10.05க்கு உச்சிக்கு 300 மீட்டர் முன்னால் முகட்டில் தலையை நீட்டினோம். காற்று ஆளைத் தள்ளியது. யார்டில் பயன்படுத்தும் கைக்காற்றுமானியைப் பிடித்தேன். மணிக்கு 47 கிலோமீட்டர். எங்கள் யார்டில் 36ஐத் தாண்டினால் கிரேன் நிற்கும், மேனேஜரே வந்து கத்தினாலும் நிற்கும். உச்சி கண்ணெதிரே இருந்தது. ஐந்து நிமிட வேலை என்று என் வாய் வரை வந்துவிட்டது.

மாரியப்பன் மீட்டரை எட்டிப் பார்த்தார். "நம்ம யார்டுன்னா இந்நேரம் கிரேன் பூமை எறக்கிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இங்க மட்டும் என்ன அண்ணாச்சி?"

அவர் சொன்னது சரி. பாறை மறைவில் இறங்கி உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மீட்டரை நீட்டினேன். 44, 45, 39. 11 மணிக்கு 28க்கு வந்தது. "யல்லா, கெளம்புவோம்" என்று எழுந்தார் மாரியப்பன். 11.15க்கு உச்சியில் நின்றோம். ஒரு பக்கம் ஓமான் மலைகள் மடிப்பு மடிப்பாக, இன்னொரு பக்கம் கடல். மாரியப்பன் மனைவிக்கு வீடியோ கால் போட்டு, "இங்க பாரு, ஒத்தக் கால்லயும் நிப்பேன்" என்று நின்றே காட்டினார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. அவர் விழுந்த அந்த அறுபது மீட்டர் சரளைச் சரிவு வந்ததும் கால் நின்றுவிட்டது. முகம் வெளுத்து, என் தோளுக்குக் கை நீட்டினார்.

"அப்பிடியே நில்லு. நான் கீழ போய் சிக்னல் தர்றேன், என் கையை மட்டும் பாரு" என்று சொல்லி முதலில் இறங்கினேன்.

கீழே போய்த் திரும்பி நின்று, யார்டில் நிற்பது போலவே கையைத் தாழ்த்தி ஆள்காட்டி விரலால் வட்டம் போட்டேன். மெதுவாக இறக்கு. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எட்டு வருடமாக என் கையைப் பார்த்து டன் கணக்கில் இரும்பை இறக்கியவர் அல்லவா. குதிகாலை அழுத்தி ஓரடி, இன்னோரடி. கல் உருளும்போது கையை விரித்து நிறுத்தினேன், உடனே நின்றார். உருண்டு முடிந்ததும் மறுபடி விரல் வட்டம். பதினான்கு நிமிடத்தில் என் எதிரே வந்து நின்றார். இரண்டு கைகளையும் கோர்த்துக் காட்டினேன். எங்கள் வேலையில் அதற்கு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், ஆனால் மழைக்குப் பின் இரண்டு முழு நாள் காய விடுங்கள். மழை நேரத்தில் வாதிக்குள் இறங்கினால் உயிருக்கும் ஆபத்து, அபராதமும் உண்டு. ஊர் வெப்பநிலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், காற்றில் அது இன்னும் குளிராகத் தெரியும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்புமுன்னே முடிவு செய்துவிடுங்கள். சேஃப்டி ஷூவைத் தங்கியிருக்கும் கேம்ப்பிலேயே விட்டுவிடுங்கள். காத்திருப்பதை வெட்கமாக நினைக்காதீர்கள், அந்த ஐம்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்ததால்தான் எங்களுக்கு உச்சி கிடைத்தது.

2.10க்குக் காரை அடைந்தோம். மாரியப்பன் தாளைக் கேட்டு வாங்கி, பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே குறிப்பு என்ற கட்டத்தில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார்.

"78 கிலோ. சேதாரம் இல்லாமல் இறக்கப்பட்டது."