பின்சுவருக்கு ரோஸ்

பெயிண்டர் கொடுத்த கலர் அட்டையைக் காலையிலிருந்து புரட்டுகிறேன். வெள்ளையிலேயே இத்தனை வெள்ளை இருப்பது இந்த வயதில்தான் தெரிகிறது. சட்டை எடுக்கப் போனாலே மனைவி முகத்தைப் பார்க்கிற ஆள் நான். வீட்டுக்கே நிறம் சொல் என்றால் எப்படி?

முன்பக்கத்துக்குச் சந்தன நிறம் என்று ஒருவழியாக முடிவானது. பெயிண்டர் கொல்லைப்பக்கம் சுற்றி வந்து, "பின்னால யாருங்க பாக்கப் போறாங்க? பிரைமரோட உட்டுர்லாங்க" என்றார். நியாயம்தான். மொரப்பூர்ப் பக்கம் எல்லாரும் முகத்துக்கு மட்டும்தான் பவுடர் போடுகிறோம்.

எங்கள் வீட்டில் தலைகீழ். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் ரயிலேறியபோது நான் எட்டாவது படித்தேன். வீட்டுக்குப் பின்னால் வயல், அதற்கப்பால் தண்டவாளம். வண்டி கடக்கையில் அவன் கதவோரம் நின்று கையசைத்ததை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா பார்த்தாள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

அந்தப் பொங்கலுக்கு அப்பா முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பின்சுவருக்கு மட்டும் ரோஸ் அடித்தார். சுண்ணாம்பு கொதித்த அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. தெருவே சிரித்தது. ஏன் ரோஸ் என்று நானும் கேட்டேன்.

"வயலெல்லாம் பச்ச. பச்ச அடிச்சா ரயில்லருந்து வூடு எப்பிடிடா தெரியும்?"

அண்ணனைப் பற்றி அப்பா பேசியது அவ்வளவுதான். சாகும்வரை பொங்கலுக்குப் பொங்கல் அடித்தார். பிறகு நான் அடிக்கிறேன். இப்போதெல்லாம் டப்பா பெயிண்ட். எந்த வாசனையும் நிற்பதில்லை.

போன வாரம் சேலத்திலிருந்து வர பஸ் கிடைக்காமல் ரயிலேறினேன். பொம்மிடி தாண்டியதுமே ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். வீடு வரவேயில்லை. வயல் இருந்த இடத்தில் எழும்பிய கல்யாண மண்டபத்தின் முதுகுதான் வந்தது, பூச்சே இல்லாத செங்கல். மண்டபம் இருப்பது தெரியாதா என்ன? ஆனால் ரயில் சத்தம் முன்போலவே கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கிறதே, அப்போது வீடும் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

பெயிண்டர் பதிலுக்குக் காத்திருந்தார். கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. "பின்னால அதே ரோஸ்தான, தம்பி?" என்று அவரிடமே கேட்டாள்.

"ரோஸ்தாம்மா" என்றேன் நான்.

பகல் வண்டி கடந்தது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சத்தம் வந்த பக்கம் கையை உயர்த்தி அசைத்தாள். அந்தப் பக்கம் ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருந்தாலும், அவர்களுக்குத் தெரிந்தது செங்கல்தான்.