தொண்ணூறு வயது அக்கா

ஹட்டன் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. ரோலரில் கொழுந்து கசங்குவது, காற்றுப் பட்டு நிறம் மாறுவது என்று பத்து வருடம் ஒரே பாட்டைப் பாடினேன். தோட்டத்துக்குப் புதிதாக மேனேஜராக வந்த துரைக்கு அது போதவில்லை. ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பழுதான புரதங்களை உடைத்து அப்புறப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறதாம். நாம் இழுக்கும் ஆக்சிஜனே அந்தப் புரதங்களைத் துருப்பிடிக்க வைக்குமாம். வயதாக ஆகத் துப்புரவு மந்தமாகி, குப்பை தேங்கி, மனிதன் கிழடு தட்டிப் போகிறானாம். எங்கள் தேநீரைக் குடித்தால் கிழடு தட்டாதாம். முதல் மூன்று வரி விஞ்ஞானம், நான்காவது வரி துரை. செல்லுக்குள்ளேகூடக் குப்பை அள்ள ஆள் இருப்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்தின் சாக்கடைக் கானைச் சுத்தம் செய்து ஆறு மாதமாகிறது.

இதற்கெல்லாம் ஆதாரமாக ஒரு பெண் வேண்டும் என்றார் துரை. அவள் கூடையோடு வாசலில் நிற்க, வயது எழுபத்தைந்து என்று நான் சொல்ல, வந்தவர்கள் வியக்க வேண்டும். வியந்தால், அவளுக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமலே முழு நாள் பேர் விழும், சம்பளமும் வரும். என் அக்காவுக்கு நாற்பத்தொன்பது. பதினாறு வயதிலிருந்து கொழுந்து பறித்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவளையே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"மலை ஏறாம நிக்கிற வேலைன்னா நூறுன்னுகூட சொல்லிக்கடா," என்றாள்.

முதல் நாள் எழுபத்தைந்து என்றேன். ஒருவரும் வியக்கவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் மட்டும் அக்காவின் கையைப் பிடித்து, "பாவம், இந்த வயதிலுமா வேலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பார்ப்பதற்கு அவர்தான் தங்கை.

"என்னடா சொல்றாங்க?"

"எழுபத்தஞ்சு மாதிரியே தெரியலையாம்க்கா."

அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

துரையின் முகம் சுருங்கியது. அவளை மறுபடி மலைக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். சற்று யோசித்தவர், "நாளையிலேருந்து தொண்ணூறுன்னு சொல்லு," என்றார்.

சொன்னேன். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், ஆளுக்கு இரண்டு பெட்டி தேயிலை வாங்கிப் போனார்கள்.

அக்கா இப்போது மலைக்குப் போவதில்லை. போன வாரம் அவளுக்கு ஐம்பது முடிந்தது. லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே யாருக்கும் தெரியாமல் கேக் வெட்டினோம்.