வாசில் பென்சிலால் எழுதிய பலகை

புதன்கிழமை என்றாலே எனக்கு அலுப்பு. மியூசியத்தைத் திறப்பது, தூசி தட்டுவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கலப்பைமேல் ஏறாமல் பார்ப்பது, எல்லாம் என் தலையில். கமிட்டியில் பதினாலு பேர் இருக்கிறார்கள், பேருக்கு. எட்மன்டன் நகரம் எங்கள் கோதுமை வயலை விழுங்கி வீடாகக் கட்டிவிட்டது. மிச்சம் கிடந்த தட்டுமுட்டுச் சாமானை இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று டெக்லா அக்கா வந்தாள். எழுபத்தாறு வயசு. இங்கே குடியேறிய எங்கள் உக்ரைன்காரச் சனத்தில் அவளைப்போல் மாடாய் உழைத்தவள் கிடையாது. பதினோரு பசு கறந்தாள், நாலு பிள்ளை வளர்த்தாள், புருஷன் வாசிலோடு ஐம்பது வருஷம் சண்டை போட்டாள். அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. சண்டையை மட்டும் அவள் விடவில்லை.

"பராஸ்கா, எங்க கொட்டகையத் திறடி."

வாசிலின் தானியக் கொட்டகையைப் பலகை பலகையாகக் கழற்றி வந்து இங்கே நிறுத்தியிருக்கிறோம். எங்கள் ஆண்கள் கொட்டகை உள்சுவரில்தான் பென்சிலால் எழுதிவைப்பார்கள். முதல் பனி, விதைப்பு, பன்றி குட்டி போட்ட நாள். ஆம்பளைக் கிறுக்கல் என்று பெண்கள் யாரும் படிப்பதில்லை.

"என்னக்கா திடீர்னு?"

"மூத்தவளுக்கு ஒரு கல்லறைக் கல்லு வைக்கணும். செத்த தேதி தெரியல. நான் போறதுக்குள்ள வச்சிரணும்."

மூத்தவள் பிறந்து மூன்று நாள்தான் இருந்தாள், 1938 குளிர்காலத்தில். அக்கா ஜன்னி கண்டு கிடந்தாள். பிறப்பு இறப்பு எழுதும் கோயில் ஏடு பிற்பாடு தீயில் போயிற்று.

"பிள்ள செத்த அன்னிக்குப் போனவன், ரெண்டு நாள் கழிச்சுப் புகை நாத்தத்தோட வந்தான். சாராயக் கடையில கிடந்திருப்பான். கேட்டா வாயே திறக்கல. கோயில் ஆளுங்கதான் பொதைச்சிருக்கணும், பாவம்."

இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கால் வேறு கடுத்தது. டார்ச்சை அடித்து, கதவோரத்துப் பலகையில் அந்த வருஷத்தைத் தேடினேன்.

"என் கண்ணு ஆகாது. நீயே படி."

படித்தேன்.

"பிப்ரவரி ஒம்பது. பொண்ணு போச்சு."

"ஒம்பது," என்றாள் அக்கா. பைக்குள் கைவிட்டுத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டாள். "சரி, மூடு. போலாம்."

எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. அடுத்த வரியையும் படித்துவிட்டேன்.

"பத்து. மண்ணுமேல தீ போட்டேன். ஒரு சாண்தான் இளகிச்சு. பதினொண்ணு. வேலிக்கம்பு பூரா போட்டாச்சு. ராத்திரியும் தீ. மூணடி. பொதைச்சேன். பன்னண்டு. பன்னி ஏழு குட்டி."

பிப்ரவரியில் எங்கள் மண் பாறை. தீ மூட்டி இளக்காமல் கடப்பாரை இறங்காது. இது அவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அக்கா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அது காட்சிப்பொருள், உட்காரக் கூடாது. யாரும் வந்துவிடாமல் கதவைச் சாத்தினேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்?" என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தவழ்ந்தாவது போய் நானும் ரெண்டு கம்பு போட்டிருப்பேனே."