வரிசையைக் கலைத்தது என் கை

பரிமளா எந்தத் தப்பும் செய்யவில்லை. எங்கள் ஊர் நெல் களத்தின் பெயர்ப் பட்டியலைக் கலைத்தவன் நான். கலைந்தது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். ஊர் கூடிக் கேட்டபோது கூசாமல் பொய் சொல்லி, பழியை அவள் தலையில் கட்டியவனும் நானே!

இதைச் சொல்ல எனக்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு இருந்திருந்தால் இந்தக் காகிதத்துக்கு வேலையே இல்லையே...

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படித்து முடித்துவிட்டு, 'மனிதன் என்றால் தவறு செய்வதுதான்' என்று பெருந்தன்மையாகத் தலையாட்டாதீர்கள். அந்தத் தலையாட்டலைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி சர்வர்களைப் பராமரிக்கும் வேலை பார்ப்பவன். ஊரடங்கின்போது உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பினேன், இங்கேயே தங்கிவிட்டேன். ஊரில் எனக்கு மதிப்பு அதிகம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக எதையோ அடித்துக்கொண்டிருப்பேன், மவுசைத் தொடவே மாட்டேன். பார்க்க வருகிறவர்கள் வாய் பிளப்பார்கள். அவர்கள் பிளப்பதற்காகவே நான் இன்னும் வேகமாக அடிப்பேன். அப்படியொரு பீற்றல்!

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், சித்திரையில், எங்கள் ஊர் உழவர் குழு, நெல் எடை போடுவதற்கு வரிசை எண் கொடுக்க முடிவு செய்தது. யார் முதலில் களத்துக்கு நெல்லைக் கொண்டுவந்து கொட்டுகிறார்களோ அவர்களுக்கு முதல் எடை. இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்? பெயர் எழுதும் வேலை பரிமளாவுக்கு. ஏழுமலையின் மனைவி, பன்னிரண்டாவது படித்தவள். குழுவில் ஒரு பெண் உட்கார்ந்து கணக்காகப் பெயர் எழுதுவது அதுதான் முதல் தடவை. சீசன் நல்லபடியாக முடிந்தால் அந்த வேலையை அவளுக்கே நிரந்தரமாகக் கொடுப்பதாகத் தலைவர் சொல்லியிருந்தார். அவள் அதற்காக எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும். துண்டுச் சீட்டுகளில் குறித்ததையெல்லாம் ஒரு புது நோட்டில் அழகாக எழுதி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

அவள் வாசித்தாள், நான் அடித்தேன். எண்ணையும் சேர்த்து வாசித்தாள். "நம்பர் வேணாம், கடைசியில நானே போட்டுக்கறேன்" என்றேன். கேட்டீர்களா? நம்பரைத் தூக்கி எறிந்ததும் நான்தான்!

வாசித்து முடித்தபிறகு அவள் சொன்னாள்: "சில பேரு போன்லயும் சொல்லிட்டு, நேர்லயும் வந்து சொல்லிகினாங்கண்ணா. அதனால ரெண்டு தபா வந்துகீது. அத்த மட்டும் எடுத்துடுங்க. வரிசைய மட்டும் மாத்திடாதீங்க."

வரிசையை மாற்றிவிடாதீர்கள் என்று அவள் சொன்னாள். என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் அப்படியே இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இது புரியும். நான் எழுதும் எடிட்டர் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அதை விட்டு வெளியே போகாமலே வெளியிலுள்ள கட்டளைகளை ஏவலாம். ஒரு சதவீதக் குறி, ஓர் ஆச்சரியக்குறி, பிறகு கட்டளையின் பெயர். திரையிலுள்ள வரிகள் மொத்தமும் அந்தக் கட்டளையின் கைக்குப் போகும். அது தன் வேலையை முடித்து, புதிய வரிகளைக் கொண்டுவந்து பழையவை இருந்த இடத்தில் வைத்துவிடும். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது.

இரட்டை வரியை நீக்கும் கட்டளைக்கு ஒரு குறை உண்டு. ஒரே மாதிரியான இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தால்தான் அதற்குத் தெரியும். அதனால் எங்களைப் போன்றவர்கள் முதலில் எல்லாவற்றையும் எழுத்து வரிசையில் அடுக்கச் சொல்லிவிட்டுத்தான் அதை ஏவுவோம். சார்ட், அப்புறம் யூனிக். வருடக்கணக்காக அடித்துப் பழகிய கை... தானாக அடித்தது. அடுக்கியது, நீக்கியது, கையோடு இன்னொரு கட்டளையில் எண்ணும் போட்டது.

வந்த வரிசையைக் கெடுக்காமல் இரட்டையை மட்டும் நீக்கும் வழி எனக்குத் தெரியாதா? தெரியும்! இன்னும் பத்துப் பதினைந்து எழுத்து அடித்திருக்க வேண்டும், ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். எதிரே ஒருத்தி வியந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. "பாத்தியா? முடிஞ்சிடுச்சு" என்றேன். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். திரையை ஒருமுறை மேலிருந்து கீழ் படித்துப் பார்த்தேனா? இல்லை. அச்சடித்துத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தி மறுநாள் காலையில் களத்துச் சுவரில் ஒட்டினார்.

இங்கேதான் விதி என்று எழுதத் தோன்றுகிறது. விதியாவது மண்ணாவது... நம் ஊர் வழக்கம்தான் என்னை அகப்படாமல் காப்பாற்றியது. நாம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறவர்கள். கட்டளை அந்த எழுத்தை வைத்துத்தான் அடுக்கியது. அதனால் அண்ணன் தம்பிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். பரிமளாவின் மாமனார் பெயர் அண்ணாமலை. பட்டியலில் முதல் மூன்று பெயர்கள்: அ. ஏழுமலை, அ. கங்காதரன், அ. சங்கர். அவள் கணவனும் இரண்டு கொழுந்தன்களும்!

மூன்றாவதாக நெல் கொண்டுவந்தவர் தனகோட்டி அண்ணன். அவருடைய அப்பா வேதாசலம். வே என்ற எழுத்து அவரைக் கொண்டுபோய்ப் பட்டியலின் அடியில் தள்ளியது.

அன்று மதியம் பரிமளா எனக்குப் போன் செய்தாள். வரிசை மாறியிருக்கிறது, தன் வீட்டு ஆட்கள் மேலே போய்விட்டார்கள், என்ன ஆனதென்று பாருங்கள் என்றாள். "பாக்கறேன்" என்றேன். கோப்பைத் திறந்தேன். முந்தைய நாளிலிருந்து எடிட்டரை மூடவில்லை, செய்ததைத் திருப்பும் விசையைத் தட்டினேன். எண்கள் போயின. இன்னொருமுறை தட்டினேன். அவள் வாசித்த வரிசை அப்படியே திரையில் வந்து நின்றது. மூன்றாவது வரியில் வே. தனகோட்டி.

இன்னும் ஒரு மூட்டைகூட எடைக்குப் போகவில்லை. அப்போதே அச்சடித்துக்கொண்டு களத்துக்கு நடந்தால் ஐந்து நிமிடம். 'தப்பு என்மேல்' என்று சொல்ல அரை நிமிடம். ஊர் சிரித்திருக்கும். கம்ப்யூட்டர்காரன் கோட்டை விட்டான் என்று டீக்கடையில் ஒரு வாரம் பேசியிருப்பார்கள். அவ்வளவுதானே? அதைத் தாங்க முடியாத அளவுக்கு என்ன பெரிய மானம் எனக்கு!

திருப்பியதை மறுபடியும் பழையபடி ஆக்கினேன். அச்சிட்ட பட்டியலே திரைக்கு வந்தது. அதைச் சேமித்து எடிட்டரை மூடினேன். ஆம், தெரிந்தே செய்தேன்! அதற்கு முன்னால் நடந்ததை வேண்டுமானால் கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளுங்கள். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? பரிமளாவுக்குத் திரும்பப் போன் செய்யவும் இல்லை.

நான் சரி செய்துவிடுவேன் என்று நம்பி, அவள் அன்று யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்தாள்.

மறுநாள் காலையில் எடை தொடங்கியது. பட்டியலில் இருந்தபடி ஏழுமலை வீட்டு நெல் முதலில் போயிற்று. பிற்பகலில் கோடை மழை... அரைமணி நேரம்தான், ஆனால் கொட்டித் தீர்த்தது. களத்தில் கிடந்த குவியல்களில் தனகோட்டி அண்ணனின் தார்ப்பாய்தான் கிழிசல். அவர் முறைப்படி எடை போட்டிருந்தால் காலை பத்து மணிக்கே அவர் நெல் மூட்டையில் ஏறியிருக்கும். இப்போது அடியில் தண்ணீர் புகுந்து, விடிவதற்குள் நெல் புழுங்கி, கையை விட்டால் சூடு அடித்தது.

அடுத்த நாள் களத்திலேயே ஊர் கூடியது. அங்கே கூடிய மனிதர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. என்மேல் இருக்கும் ஆத்திரத்தில் பாதிதான் அது, என்றாலும் இருக்கிறது. முதல் மூன்று பெயரைப் பார்த்துக் கொதித்தீர்களே ஊராரே, நான்காவதைப் பார்த்தீர்களா? பத்தாவதை? ஒருவன், ஒரே ஒருவன் அந்தத் தாளின் இடது ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கியிருந்தால் போதுமே! அ, ஆ, இ என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லியிருக்குமே! அவரவர் தன் பெயரைத் தேடினார்கள், அடுத்துத் தனக்குப் பிடிக்காதவன் பெயரைத் தேடினார்கள், அத்தோடு கண்ணை எடுத்துவிட்டார்கள். எழுதியவள் ஒரு பெண், மேலே இருப்பது அவள் புருஷன் வீடு. வேறென்ன வேண்டும் இந்த ஊருக்கு?

பரிமளா நோட்டைக் காட்டினாள். நோட்டு புதிதாக இருக்கிறதே, நேற்று வீட்டில் உட்கார்ந்து எழுதியதுதானே என்றார்கள். வரிசை மாறியது தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றார்கள். சொன்னேன், அண்ணனிடம் போனில் சொன்னேன் என்று அவள் என்னைக் காட்டினாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தலைவர் கேட்டார்: "தம்பி, நீ சொல்லு. அந்தப் பொண்ணு குட்த்தத அப்டியே போட்டியா, இல்ல நடுவுல எதுனா மாறிப்போச்சா?"

எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்! தப்பித்துக்கொள்ள வழியையும் அவரே வாயில் வைத்தார். மாறிப்போச்சு என்று ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும்.

"அவங்க குட்த்தத தான் போட்டேன்" என்றேன்.

பரிமளா என்னைப் பார்த்தாள். "வரிசைய மாத்தாதீங்கன்னு சொன்னனேண்ணா..." என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

தனகோட்டி அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. ஈர நெல்லை ஒரு கை அள்ளி அவள் காலடியில் போட்டுவிட்டுப் போனார். கூட்டத்தில் யாரோ, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை ஐயா! சொன்னதைச் சொன்னபடி செய்தது. பொய் சொன்னது அதன் முன்னால் உட்கார்ந்திருந்த நாய்.

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஏழுமலை அவளைத் தெருவில் வைத்துத் திட்டினான். முதல் எடைக்குப் போய் நின்றபோது இனித்தது, ஊர் பேசியபோது அவனுக்குக் கசந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் எவன் வரிசையில் முந்தினாலும் 'பரிமளா லிஸ்டா?' என்று கேட்கிறார்கள். ரேஷன் கடையில் கேட்கிறார்கள், தண்ணீர்க் குழாயில் கேட்கிறார்கள். ஒரு பெண்ணின் பெயர் ஒரு வசவாகவே ஆகிவிட்டது. சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் அவர்கள் கன்னத்தில் அறையலாமா என்று இருக்கும். அறைய எனக்கு என்ன யோக்கியதை? நானும் கூடவே இளிக்கிறேன்.

அவளுடைய வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? என்னிடம்! சம்பளம் வேண்டாம், சேவையாகச் செய்கிறேன் என்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். அதைத் தூக்கி எறியாமல் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரை நடந்தேன்... நான் செய்த காரியங்களில் இதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

சொல்லிவிடலாம் என்று நான் நினைக்காத வாரம் இல்லை. இரண்டு முறை தலைவர் வீட்டு வாசல்வரை போயிருக்கிறேன். காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். காலம் போனால் பாரம் குறையும் என்று எவன் சொன்னான்? முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு தவறு. இன்று சொன்னால் மூன்று ஆண்டு. ஒவ்வொரு நாளும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கூடிக்கொண்டேதான் போகிறது.

இந்தச் சித்திரையில் பரிமளா என் மேசைக்கு வந்தாள். ஏழுமலைக்குக் காய்ச்சல், நெல்லை அவளே ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே வந்திருந்தாள். அன்று களத்தில் இறங்கிய முதல் நெல் அவர்களுடையது. நான் பேனாவை எடுத்து ஒன்று என்று எண் போட்டேன். அதற்குள் அங்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"எங்க பேர இப்ப எய்தாதீங்கண்ணா. எல்லாரையும் எய்திட்டு, கடைசியில எய்துங்க. எப்ப வந்தாலும் எங்கள கடைசியிலயே போட்டுடுங்க."

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் திறக்க இதைவிட நல்ல இடம் எனக்கு இனி எப்போது வாய்க்கப்போகிறது?

வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக எழுதினேன். சாயங்காலம், கடைசி எண்ணுக்கு நேராக அ. ஏழுமலை என்று எழுதினேன். அதுவரை தன் நெல்லின் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.