பதினான்கு அடிப் படகுக்கு எத்தனை ஆக்சில்?

என் அண்ணன் பொய் சொல்ல மாட்டார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, புகாராகத்தான் சொல்கிறேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது என்பார். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர் குழந்தையைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "துண்டோட சேர்த்து எடை போட்டிருக்காங்க" என்பதுதான். நர்ஸ் மறுபடி எடை போட்டாள். அண்ணன் சொன்னதுதான் சரி.

தராசுகளைச் சரிபார்ப்பது அவர் தொழில். மருந்துக்கடையின் சின்னத் தராசு முதல் லாரி ஏறும் எடை மேடை வரை, இவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அதில் நிறுக்கலாம். அதற்காக இருபத்தைந்து இரும்பு எடைக்கற்கள் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் இருபது கிலோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி. முன்னறையில் அவைதான் குடித்தனம், அண்ணன் வாடகைக்கு இருப்பவர் மாதிரி ஓரமாக இருப்பார். ஒருமுறை கதவு காற்றில் அடித்துக்கொள்கிறதே என்று ஒரு கல்லை எடுத்து முட்டுக்கொடுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் மாடியில், அண்ணன் கீழே. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் தூண்டில் போடுவதுதான் ஒரே பொழுதுபோக்கு. பெரிய மீனெல்லாம் நடு ஏரியில் இருப்பதாக யாரோ ஏற்றிவிட, ஊரை விட்டுப் போகும் மருந்துக்கடைக்காரரிடம் பதினான்கு அடிப் படகு ஒன்றை வாங்கிவிட்டார். லாரியில் வந்து, வீட்டுப் பக்கத்துச் சந்தில் நான்கு பழைய டயர்களின் மேல் உட்கார்ந்துகொண்டது. ஏரி பன்னிரண்டு கிலோமீட்டர். படகு நடந்து போகாது. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்க ட்ரெய்லர் வேண்டும்.

ட்ரெய்லர் பட்டறைக்கு முதல் நாள் நானும் கூடப் போனேன். பட்டறைக்காரம்மா வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, கணவர் பிரிந்து போய் ஒன்பது வருடம், முன்கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. பேச்சில் ஒரு சொல் வீணாகாது. படகு எவ்வளவு எடை என்று கேட்டார். என்ஜின், பெட்ரோல், பேட்டரி, துடுப்பு எல்லாம் சேர்த்து ஐந்நூற்று அறுபது என்றார் அண்ணன். அந்தம்மா ஆச்சரியத்தோடு நிமிர்ந்து பார்த்தார். வருகிறவர்கள் எல்லாம் "சின்னப் படகுதாங்க" என்றுதான் சொல்வார்களாம், கிலோவில் பதில் சொன்ன முதல் ஆள் இவர்தானாம்.

"அப்ப ஒரு ஆக்சில் போதும் சார். ஒரே அச்சு, ரெண்டே டயர், லேசா இருக்கும், கையால தள்ளித் திருப்பிடலாம்."

நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணன், போகிற போக்கில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று கேட்டுவைத்தார். அந்தம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு ஆக்சிலில் ஒரு டயர் போனால் வண்டி அங்கேயே நிற்கும், இரட்டை ஆக்சிலில் மற்ற மூன்றும் தாங்கிப் பிடிக்கும், ஆனால் எடை குறைந்த படகுக்கு அது தேவையில்லாத செலவு என்று அரை மணி நேரம் சாக்பீஸால் தரையில் படம் போட்டு விளக்கினார். நடுவில் ஒரு தடவை சிரித்தார். அவ்வளவுதான். அன்று மாலை அண்ணன் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுக்க வந்தோம் என்று தெரியாமல் ஐந்து நிமிடம் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை, யோசிக்க வேண்டியிருக்கிறது என்று மறுபடி போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனார். கேள்விகளை நோட்டில் எழுதிவைத்து, வாரத்துக்கு ஒன்று என்று பத்தியம் மாதிரிப் பிரித்துச் செலவழித்தார். வேகமாகப் போனால் எது ஆடும்? பிரேக் எத்தனை சக்கரத்துக்கு வேண்டும்? தண்ணீரில் இறக்கினால் பேரிங்குக்குள் தண்ணீர் போகாதா? இதையெல்லாம் உண்மையென்று நம்பிய ஒரே ஆள் என் வீட்டுக்காரர். பிளம்பர், பிக்கப் வண்டி வைத்திருப்பவர், ட்ரெய்லரை இழுக்கப் போகிறவரும் அவர்தான். இரண்டு ஆக்சில்தான் பத்திரம் என்று தினமும் சாப்பாட்டு மேசையில் வாதாடினார். அண்ணன் அதைக் கவனமாகக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார், அடுத்த வாரத்துக்கு ஆகுமே என்று.

சனிக்கிழமைக் காலையில் இஸ்திரிப் பெட்டியின் வாசனை மாடி வரைக்கும் வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. கீழே போய் நேராகவே கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர், என்ன செய்வார், ஆமாம் என்றார். காதுமடல் சிவந்துவிட்டது. எனக்கு வந்த சிரிப்பில் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"

"இல்லன்னுட்டா? இப்ப வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது கிடைக்குது. சொல்லி அதுவும் போயிடுச்சுன்னா, படகை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பத்தேழு வயதில் ஒருவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் பெரிய சொத்தாக இருக்கலாம் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. அந்தம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாமா என்று கூடத் தோன்றியது.

நான்காவது வாரமே கேள்விகள் தீர்ந்தன. அண்ணன் படகுக்கு இரண்டாவது பேட்டரி, ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், பெரிய நங்கூரம் என்று வாங்கிக் குவித்தார். வெள்ளிக்கிழமைதோறும் படகுக்கு அடியில் தளத் தராசுகளை வைத்து நிறுத்துப் பார்ப்பார். எத்தனை வாங்கினாலும் அறுநூற்று எழுபத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. பட்டறைக்காரம்மாவோ, தொள்ளாயிரம் வரை ஒரு ஆக்சில் தாராளம், ஆயிரத்தைத் தாண்டினால்தான் இரண்டைப் பற்றிப் பேச்சு என்று கறாராகச் சொல்லிவிட்டார். வேறொருவராக இருந்தால் ஆயிரத்து நூறு என்று வாய்கூசாமல் அடித்துவிட்டிருப்பார். அண்ணனுக்கு எடையில் பொய் சொல்ல நாக்கு எழாது.

அடுத்த சனிக்கிழமை பட்டறையிலிருந்து முகமெல்லாம் பல்லாக வந்தார். படகு இப்போது ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து கிலோ இருக்கிறது என்று சொன்னாராம். அந்தம்மா சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்படியானால் பேச வேண்டியதுதான் என்றாராம். ஒரே வாரத்தில் ஐந்நூறு கிலோ எப்படி ஏறியது, படகு முழுகாமல் இருக்கிறதா என்று கேட்டேன். விறுவிறுவென்று உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். முன்னறையில் இருபத்தைந்து மரப்பெட்டிகளும் மூடி திறந்து, காலியாகக் கிடந்தன.

அந்தக் கற்களை என் மகள் தொட்டுப் பார்த்தாலே துணியால் துடைப்பவர், இருபத்தைந்தையும் ஒவ்வொன்றாகச் சுமந்துபோய்ப் படகில் அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறார். சொன்ன எடை உண்மையாக இருக்க வேண்டுமே என்பதற்காக. இப்படி ஒரு பொய்யை உலகத்தில் வேறு யாரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பட்டறைக்காரம்மா சும்மா விடவில்லை. மொத்த எடை தெரிந்தால் போதாது, வண்டியோடு மாட்டும் கொக்கியின் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது என்று எடை மேடையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று, பட்டறையின் பழைய இரட்டை ஆக்சில் ட்ரெய்லரோடு புதன்கிழமை காலை வந்து நின்றார். அது சந்துக்குள் வந்த அழகை நான் சொல்லித் தீராது. நேராகத் தள்ளினால் போகிறது, திருப்பு என்றால் நான்கு டயரும் நான்கு பிடிவாதக் குழந்தைகளாகத் தரையைத் தேய்த்துக்கொண்டு நிற்கின்றன. அண்ணன் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் பின்னால். எதிர்வீட்டுச் சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு எங்களோடு வந்தது. பத்திரம் பத்திரம் என்று ஒன்றரை மாதமாகச் சொன்ன என் வீட்டுக்காரர், முக்கால் மணி நேரத்தில் ஒரு ஆக்சில் கட்சிக்கு மாறிவிட்டார்.

படகை மேலே இழுக்கும்போது கயிறு சுற்றும் வின்ச் முனகியது. அந்தம்மா கைப்பிடியைச் சுற்றியபடி தார்ப்பாயைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைப் பிக்கப் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் வழியாகப் போனோம்.

எடை மேடைக்காரருக்கு அண்ணனைக் கண்டால் நடுக்கம், அந்த மேடைக்கு வருடா வருடம் கையெழுத்துப் போடுபவர் ஆயிற்றே. எழுந்து நின்றுவிட்டார். பிக்கப்பைக் கழற்றி நகர்த்தினோம். ட்ரெய்லரைக் கழித்தால் ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து, ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பட்டறைக்காரம்மா தலையை ஆட்டிவிட்டு, யாரையும் கேட்காமல் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தார்.

இருபத்தைந்து கற்கள், முத்திரை மேலே தெரியும்படி, ஐந்து ஐந்தாக வரிசையில் இருந்தன. ஒளித்துவைக்கும்போதுகூட ஒழுங்கு.

நான் வேறு பக்கம் பார்த்தேன். அண்ணன் நகரவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு மணி நேரமும் போயிற்று, மானமும் போயிற்று என்று அதில் எழுதியிருந்தது.

"இது எதுக்கு சார்?"

"இல்லன்னா ஒரு ஆக்சில் போதும்னு முடிச்சிருப்பீங்க. அப்புறம் உங்களைப் பார்க்க வர எனக்கு ஒரு காரணமும் இல்ல."

எடை மேடைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டியவர் அப்படியே இருந்தார். என் வீட்டுக்காரர் என் காதில், அப்படியானால் இவ்வளவு நாள் பேசியது ஆக்சிலைப் பற்றி இல்லையா என்று கேட்டார். நான் அவர் காலை மிதித்தேன்.

"நான் ரெண்டு ஆக்சில்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"வாங்கியிருப்பேன்."

"உங்க சந்துல அது திரும்பவே திரும்பாது."

"தெரியும். திரும்பலன்னு சொல்ல வந்திருப்பேன்."

பட்டறைக்காரம்மா படகின் விளிம்பில் உட்கார்ந்தார். முதலில் தோள்தான் குலுங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். பதினான்கு அடிப் படகு ஆயிரத்து நூற்றைத் தொடாது என்பது தனக்குத் தெரியாதா, ஆறு வாரமாக ஒரே படத்தைத் தரையில் போட்டு அழித்துக்கொண்டிருந்தது எதற்கு என்று நினைத்தீர்கள், சனிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை என்ற போர்டையாவது ஒருநாள் பார்த்தீர்களா என்று மூச்சு வாங்கக் கேட்டார். அண்ணன் போர்டைப் பார்த்ததில்லை. வாசலில் அந்தம்மா நிற்கும்போது போர்டை யார் பார்ப்பார்கள்?

கற்களை இறக்கினோம். நானும் என் வீட்டுக்காரரும்தான் இறக்கினோம் என்று சொல்வது நியாயம். ஒரு கல்லை நான் சிமெண்டுத் தரையில் ணங்கென்று வைத்தேன், அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிக் கல் இறங்கியதும் அந்தம்மா கையை நீட்டினார்.

"நீங்களும் ஏறுங்க சார். ஒருதடவை சரியா எடை போட்டுடலாம்."

ட்ரெய்லர் ரோட்டில் ஓடும்போது படகில் ஆள் உட்காரக் கூடாது, அந்த எடை கணக்கில் வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணன் ஏறினார். இருவரும் நடுப்பலகையில் அருகருகே உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் எண் சிவப்பாக ஓடி நின்றது. எடை மேடைக்காரர் ட்ரெய்லரைக் கழித்துச் சீட்டு எழுதி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். எண்ணூற்றுப் பதினாறு. இரண்டு பேரோடும் சேர்த்தே ஒரு ஆக்சில் போதும் என்று சத்தமாகப் படித்தேன். இருவர் காதிலும் விழவில்லை. பின்னால் ஒரு மணல் லாரி ஹாரன் அடித்தது, அதுவும் விழவில்லை.