மங்களேஸ்வரி வேனில் முன் சீட்டு

மலேசியாவின் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் மங்களேஸ்வரியைப் போல இன்னொருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம். அவள் வேனில் முன் சீட்டு மாதவிடாய் வலியோடு வரும் பிள்ளைக்குத்தான். யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம்.

அன்று பரீட்சை. ஹுமைரா முன் சீட்டில் சுருண்டு கிடந்தாள்.

"முடியல ஆன்டி, வீட்டுலயே விட்டுடுங்க."

"போன பரீட்சையும் இப்படித்தானே போச்சு? இரு லா."

மங்களேஸ்வரி சாப்பாட்டுக் கடையோரம் வேனை நிறுத்தி, சுடுநீர் வாங்கிப் போத்தலில் ஊற்றி, துண்டு சுற்றி அவள் வயிற்றில் வைத்தாள்.

வேன் தாமதமாயிற்று. மூடியிருந்த பள்ளி வாசலில் காரணத்தைக் கேட்டறிந்த ஆசிரியர், "எல்லாப் பொண்ணுக்கும் வர்ற வலிதானே?" என்றார்.

"வரும் சார். எல்லாருக்கும் ஒரே மாதிரியா வலிக்குது? திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க, பிள்ளைய உள்ள விடுங்க."

கதவு திறந்தது. ஹுமைரா போத்தலை வயிற்றோடு அணைத்துக்கொண்டே பரீட்சை எழுதப் போனாள்.