சண்டை வேறு, விரதம் வேறு

ஸ்டவ் ரிப்பேர் ஸெலிக்குக்கு மூக்கின் மேல் கோபம். ஜெருசலேமில் எங்கள் தெருவில் அவர் வாயில் விழாதவர் கிடையாது. பம்ப்பை உடைத்துக்கொண்டு போனால், "இது ஸ்டவ்வா, உன் மாமியாரா? ஏன் இந்தக் குத்து குத்தினே?" என்பார். திட்டிக்கொண்டேதான் சரிசெய்து தருவார்.

அவருக்கும் மனைவி பேஷாவுக்கும் பிள்ளை இல்லை. தலை நரைத்த பிறகும் அந்தப் புண் ஆறவில்லை. "நான் செத்தா எனக்காக நின்னு கதீஷ் ஜெபம் சொல்ல ஒரு நாதி இல்லை. என் பேரு என்னோட மண்ணாப் போகும்" என்று எல்லோரிடமும் சொல்வார். கடவுளிடமும் அதே குரலில்தான் சொல்வார்.

தோரா என்னும் எங்கள் யூத வேதத்தின் திருநாளில் ஜெபக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் ஒரே பெரிய சால்வைக்குக் கீழே நிறுத்தி ஆசீர்வதிப்பார்கள். நல்ல உயரம் என்பதால் சால்வையின் ஒரு முனை எப்போதும் ஸெலிக் கையில். அந்த வருடம் கூடத்தை நிர்வகிக்கும் ஹிர்ஷ் வந்து அதைப் பிடுங்கினார்.

"தப்பா நினைக்காதே, ஸெலிக். தாய்மாருங்க பயப்படறாங்க. பிள்ளை இல்லாதவன் கை குழந்தைங்க தலைக்கு மேல வேணாமாம்."

எந்தத் தாய்? நானும் தாய்தான். என்னை எவன் கேட்டான்? இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளைகளின் பொம்மை ரயிலையெல்லாம் காசு வாங்காமல் ஒட்டிக்கொடுத்த கை அது.

ஸெலிக் ஹிர்ஷைத் திட்டவில்லை. தோரா இருக்கும் பேழையைப் பார்த்துக் கத்தினார்: "உன் வீட்டுலயே என்னைக் கேவலப்படுத்தறாங்க, பார்த்துக்கிட்டு சும்மா இருக்கியா? இனி உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது!" அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார். பேஷா மட்டும் தனியாக வந்து பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் என் அருகே உட்காருவாள்.

தேவெத் மாத விரதத்தன்று மழை கொட்டியது. பத்து ஆண்கள் சேராமல் கூட்டு ஜெபம் கிடையாது; அன்று மாலை ஒன்பது பேர்தான் தேறினார்கள். வேறு வழியில்லாமல் ஹிர்ஷ் ஸெலிக் கடைக்கு ஓடினார்.

"பத்தாவது ஆள் வேணும்ப்பா."

"என் கை ஆகாது, தலை மட்டும் ஆகுமா?" என்று கேட்டாராம். ஆனாலும் வந்தார். வந்து கதவோரமாக முறைத்துக்கொண்டு நின்றார்.

விரதம் இருப்பவரைத்தான் படிக்க அழைக்கலாம். தீர்க்கதரிசி ஏசாயாவின் பகுதியை வழக்கமாகப் படிப்பவர் காய்ச்சலில் சூப் குடித்திருந்தார். மற்றவர்களுக்கு அந்த ராகம் வராது.

"ராகம் தெரிஞ்சு, பட்டினியாவும் இருக்கறது யாரு?" என்றார் ஹிர்ஷ்.

"நான் இருக்கேன்" என்றார் ஸெலிக்.

"நீயா? கடவுளோட பேச்சில்லைன்னியே!"

"சண்டை வேற, விரதம் வேற. கூப்பிடுய்யா!"

ஏசாயாவைக் கடன் கழிப்பவர்போல வேகமாகப் படித்தார். எத்தனையோ வருடமாக, பசி மயக்கத்தில் நாங்கள் எல்லோரும் காதில் வாங்காமல் விட்ட பகுதிதான். "பிள்ளை பெற வழியற்றவன் தன்னைப் பட்ட மரம் என்று சொல்ல வேண்டாம். என் ஓய்வுநாளைக் காக்கிறவனுக்கு என் வீட்டில், என் சுவர்களுக்குள், மகன்களையும் மகள்களையும்விட மேலான பெயர் தருவேன்" என்று கடவுள் சொல்லும் இடத்தில் குரல் நின்றது. திரும்பவும் அதையே படித்தார். பிறகு மேஜையில் ஓங்கி ஒரு குத்து.

"யாரு கேட்டா இவ்வளவு? ஒரே ஒரு பையன் கேட்டேன், குடுக்கலை. இப்ப மகனைவிடப் பெரிசா? உன் வீட்டுக்குள்ளயா? எனக்கா? உன்னைத் திட்டினதைத் தவிர நான் என்ன செஞ்சிருக்கேன்? நான் யாரு?"

"நடுவுல பேசக்கூடாது" என்றார் ஹிர்ஷ், தரையைப் பார்த்தபடி.

"நீ வாயை மூடு! இது எங்களுக்குள்ள."

கண்ணீரில் ஸெலிக்கின் தாடி நனைந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமும் கூடத்தில் குரல் உயர்த்தாத பேஷா என் பக்கத்தில் எழுந்து, திரையை விலக்கினாள்.

"ஏங்க, குடுக்கறவர் குடுக்கறார். வாங்கிக்கிட்டு மேல படிங்க."

அவர் மூக்கைச் சிந்திவிட்டு, அதே கோபக் குரலில் படித்து முடித்தார்.